எலக்ட்ரான் அமைப்பு: முழு அணுவின் கணக்கு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம்)



இந்தச் சொற்பொழிவின் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அறக்கட்டளையார் என்னிடமே விட்டிருந்தார்கள். பதினோராம் வகுப்பில் எல்லோரும் படித்து, தேர்வு முடிந்ததும் பெரும்பாலோர் கைவிட்டுவிடுகிற ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டேன். அணுவுக்குள் எலக்ட்ரான்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதே அது. ஒரு தனிமம் எதனுடன் சேரும், எந்த நிறம் காட்டும், காந்தத்துக்கு இழுபடுமா, மின்சாரம் கடத்துமா என்பதெல்லாம் இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது. இவ்வளவு பெரிய செய்தி நம் வகுப்பறைகளில் ஒரு மனப்பாட வரிசையாகச் சுருங்கிக் கிடப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அந்த வரிசை உங்களுக்குத் தெரியும். 1எஸ், 2எஸ், 2பி, 3எஸ், 3பி, 4எஸ், 3டி என்று எழுதி, சாய்வாக அம்புக்குறிகள் போட்டு, அம்பு போகும் வழியில் எலக்ட்ரான்களை நிரப்பிக்கொண்டே போவோம். பேருந்தில் பயணிகள் முன் இருக்கையிலிருந்து வரிசையாக உட்காருவதைப் போல என்று உவமை சொல்வதும் உண்டு. இருக்கைகள் முன்பே இருக்கின்றன, அவற்றின் வரிசை மாறாது, வருகிறவர் காலியாக உள்ள அடுத்த இடத்தில் உட்காருகிறார் என்பது அந்த உவமையின் பொருள்.

கூர்மையான மாணவர் ஒருவராவது ஆண்டுதோறும் ஒரு கேள்வியை எழுப்புவார். "4எஸ் ஆற்றல் குறைந்தது, அதனால் முதலில் நிரம்புகிறது என்கிறீர்கள். இரும்பு அயனியாகும்போது அதே 4எஸ் எலக்ட்ரான்கள்தான் முதலில் வெளியேறுகின்றன என்றும் சொல்கிறீர்கள். ஆற்றல் குறைந்த இடத்தில் இருப்பது எப்படி முதலில் வெளியேறும்?" நியாயமான கேள்வி. "விதி அப்படி" என்பது அதற்கு விடையாகாது.

விடையை இன்றைய உரையின் மையக் கருத்தாகவே முன்வைக்கிறேன். அந்த இருக்கைகளுக்கு, அதாவது ஆர்பிட்டால்களுக்கு, எல்லா அணுக்களுக்கும் பொதுவான, மாறாத வரிசை கிடையாது. அணுக்கருவின் கவர்ச்சி, எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவது, ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்று பௌலி கண்ட தடை ஆகிய மூன்றும் சேர்ந்து செயல்படும்போது முழு அணுவின் மொத்த ஆற்றல் எந்த ஏற்பாட்டில் மிகக் குறைகிறதோ, அந்த ஏற்பாடே எலக்ட்ரான் அமைப்பு. ஆகவே அது அணுவுக்கு அணு மாறும். அதே அணு அயனியாகும்போதும் மாறும். இதை ஏழு செய்திகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. கூடுகள் உண்டு என்பதை அளந்தே கண்டோம்

சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள். ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுக்க எவ்வளவு ஆற்றல் தேவை என்று அளந்து வைத்திருக்கிறார்கள். எலக்ட்ரான் வோல்ட் அலகில் அந்த எண்கள் இவை: 5.1, 47.3, 71.6, 98.9, 138.4, 172.2, 208.5, 264.2, 299.9, 1465, 1649.

இந்தப் பதினோரு எண்களைச் சற்று நின்று பாருங்கள். முதல் எலக்ட்ரான் மிக எளிதாக வந்துவிடுகிறது. இரண்டாவதற்கு ஒன்பது மடங்கு ஆற்றல் வேண்டும். அங்கிருந்து ஒன்பதாவது வரை படிப்படியாக ஏறுகிறது. பத்தாவதில் திடீரென ஐந்து மடங்குக்கு அருகே தாவுகிறது. வெளியே ஒன்று, நடுவே எட்டு, உள்ளே இரண்டு என்ற பிரிவு எந்தக் கோட்பாட்டின் துணையும் இல்லாமல் எண்களிலேயே தெரிகிறது.

நடுவில் உள்ள எட்டை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். அடுத்தடுத்த எண்களின் வேறுபாடு பெரும்பாலும் 24 முதல் 40 வரை இருக்கிறது. ஏழாவதற்கும் எட்டாவதற்கும் இடையே மட்டும் அது 56 ஆகிறது. அதுவரை எடுத்த ஆறும் 2பி எலக்ட்ரான்கள். அதன்பின் எடுப்பவை 2எஸ் எலக்ட்ரான்கள். துணைக்கூட்டின் எல்லையும் அளவீட்டில் பதிந்திருக்கிறது.

இதில் இன்னொன்றும் உண்டு. ஒரே கூட்டில் உள்ள எட்டு எலக்ட்ரான்களுக்கு ஏன் 47இலிருந்து 300 வரை இத்தனை வேறுபட்ட எண்கள்? ஒன்றை எடுத்ததும் மீதி இருப்பவற்றுக்கிடையே விலக்கம் குறைகிறது. அணுக்கருவின் பிடி இறுகுகிறது. ஓர் எலக்ட்ரானின் ஆற்றல் அதன் இடத்தை மட்டும் பொறுத்தது என்றால் இந்த ஏற்றம் வந்திருக்காது. கூட இருப்பவை எத்தனை என்பதும் கணக்கில் வருகிறது.

2. பௌலியின் தடை

எல்லா எலக்ட்ரான்களும் ஆற்றல் மிகக் குறைந்த 1எஸ் நிலைக்கே போய்விட்டால் என்ன? நீல்ஸ் போர் 1913இல் ஹைட்ரஜனின் நிறமாலையை விளக்கிக்காட்டினார். ஆனால் மற்ற அணுக்களில் எலக்ட்ரான்கள் ஏன் கூடு கூடாகப் பிரிந்து நிற்கின்றன என்பதற்கு அவரிடம் அடிப்படையான காரணம் இல்லை. 1924இல் எட்மண்ட் ஸ்டோனர் ஒவ்வொரு துணைக்கூட்டிலும் எத்தனை எலக்ட்ரான்கள் இருக்க முடியும் என்பதை நிறமாலைச் சான்றுகளிலிருந்து வகுத்தார். அதைப் பற்றிக்கொண்டு மேலே சென்ற வுல்ஃப்காங் பௌலி, 1925இல் தவிர்க்கைத் தத்துவத்தை வெளியிட்டார். நான்கு குவாண்டம் எண்களும் ஒன்றாக உள்ள இரு எலக்ட்ரான்கள் ஓர் அணுவில் இருக்க முடியாது. நான்காவது எண் இரண்டே மதிப்புகள் கொள்ளும் என்றார். அதே ஆண்டு ஊலன்பெக், கௌட்ஸ்மிட் என்ற இரு இளைஞர்கள், எலக்ட்ரானின் தற்சுழற்சியே அந்த நான்காவது எண்ணின் பொருள் என்று காட்டினார்கள். 2, 8, 18, 32 என்ற எண்களுக்கு அப்போதுதான் காரணம் கிடைத்தது.

இந்தத் தடையின் வலிமையை இரண்டு எண்களில் காணலாம். ஹீலியத்திலிருந்து ஓர் எலக்ட்ரானை எடுக்க 24.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அடுத்த தனிமமான லித்தியத்தின் அணுக்கரு இன்னும் வலிமையானது, ஆனால் 5.4 போதும். மூன்றாவது எலக்ட்ரான் உள்ளே இடமில்லாமல் வெளியே நிற்கிறது என்பதே காரணம். ஹீலியம் எதனுடனும் சேராத வாயுவாகவும் லித்தியம் தண்ணீருடன் வினைபுரியும் உலோகமாகவும் இருப்பது இந்தத் தடையால்தான். இது இல்லையென்றால் வேதியியல் என்ற துறையே இல்லை.

3. ஒரே கூட்டுக்குள் பேதம்

ஹைட்ரஜனில் 2எஸ் நிலைக்கும் 2பி நிலைக்கும் ஆற்றல் வேறுபாடு பத்தாயிரத்தில் ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவு. லித்தியத்தில் அதே வேறுபாடு 1.85 எலக்ட்ரான் வோல்ட். ஹைட்ரஜனில் இருப்பது ஒரே எலக்ட்ரான், லித்தியத்தில் மூன்று. மற்ற எலக்ட்ரான்கள் வந்து சேர்ந்ததால்தான் 2எஸ், 2பி பேதமே பெரிதாகத் தலையெடுத்தது.

எப்படி? உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் அணுக்கருவின் நேர்மின்சுமையை மறைக்கின்றன. எஸ் எலக்ட்ரான் அந்த மறைப்பை ஊடுருவி அணுக்கருவுக்கு மிக அருகே வரை செல்லக்கூடியது. பி எலக்ட்ரானுக்கு அந்த வாய்ப்பு குறைவு. டி எலக்ட்ரானுக்கு இன்னும் குறைவு. அருகே செல்வது இறுக்கமாகப் பிணைக்கப்படுகிறது.

இதைக் காண ஆய்வகம்கூட வேண்டாம். எரியும் அடுப்பில் ஒரு சிட்டிகை உப்பு விழுந்தால் சுடர் மஞ்சளாகிறதே, அது சோடியத்தின் வெளி எலக்ட்ரான் 3பி நிலையிலிருந்து 3எஸ் நிலைக்கு இறங்கும்போது வெளிவிடும் ஒளி. அலைநீளம் 589 நானோமீட்டர், ஆற்றல் 2.1 எலக்ட்ரான் வோல்ட். மூன்றாம் கூட்டில் எஸ்ஸுக்கும் பிக்கும் எவ்வளவு இடைவெளி என்பதை அந்த மஞ்சள் நிறம் அப்படியே சொல்லிவிடுகிறது.

இதைக் கணக்கிடும் முறையை 1928இல் டக்ளஸ் ஹார்ட்ரீ வகுத்தார். ஓர் எலக்ட்ரான் எங்கே இருக்கும் என்று அறிய, மற்றவை எங்கே இருக்கின்றன என்று தெரிய வேண்டும். மற்றவற்றை அறிய இதைத் தெரிய வேண்டும். எனவே ஓர் உத்தேச ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எலக்ட்ரானையும் மற்றவற்றின் சராசரி மின்புலத்தில் வைத்துக் கணக்கிட்டு, வந்த விடையை மீண்டும் உள்ளே கொடுத்து, போட்டதும் வந்ததும் ஒத்துப்போகும் வரை திரும்பத் திரும்பச் செய்தார். பணி ஓய்வு பெற்றிருந்த அவருடைய தந்தை வில்லியம் ஹார்ட்ரீ பின்னாளில் அந்தக் கணக்குகளில் கைகொடுத்தார். ஆர்பிட்டால்கள் காலியாக முன்பே காத்திருக்கவில்லை, எல்லா எலக்ட்ரான்களும் சேர்ந்து அவற்றை உருவாக்குகின்றன என்பதற்கு இந்தக் கணக்கு முறையே சான்று.

4. பத்தொன்பது எலக்ட்ரான்களின் கதை

இப்போது மாணவரின் கேள்விக்கு வருகிறேன். மூன்று துகள்களை எடுத்துக்கொள்வோம்: பொட்டாசியம் அணு, ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியம் அயனி, இரண்டை இழந்த ஸ்காண்டியம் அயனி. மூன்றிலும் எலக்ட்ரான்கள் 19தான். அணுக்கருவில் உள்ள புரோட்டான்கள் மட்டும் 19, 20, 21 என்று ஒவ்வொன்றாகக் கூடுகின்றன. 18 எலக்ட்ரான்கள் ஆர்கானின் அமைப்பில் நிற்கின்றன. பத்தொன்பதாவது எங்கே போகும்?

நிறமாலை அளவீடு சொல்லும் விடை இது. பொட்டாசியத்தில் 3டி நிலை, 4எஸ் நிலையைவிட 2.67 எலக்ட்ரான் வோல்ட் மேலே இருக்கிறது. எலக்ட்ரான் 4எஸ்ஸில் நிற்கிறது. கால்சியம் அயனியிலும் 3டிதான் மேலே. ஆனால் இடைவெளி 1.69ஆகக் குறைந்துவிட்டது. ஸ்காண்டியம் அயனியில் நிலைமை தலைகீழ். 3டி கீழே இறங்கிவிட்டது, 4எஸ்தான் 3.17 எலக்ட்ரான் வோல்ட் மேலே நிற்கிறது.

ஒரே ஒரு புரோட்டான் கூடியதில் வரிசையே மாறிவிட்டது. "4எஸ் எப்போதும் 3டியைவிடக் கீழே" என்ற வாசகம் பொட்டாசியத்துக்கும் கால்சியத்துக்கும் பொருந்தும். ஸ்காண்டியம் முதல் பொருந்தாது. 3டி எலக்ட்ரான் உள்ளடங்கியது, 4எஸ் வெளியே பரந்தது. அணுக்கருவின் மின்சுமை கூடக் கூட, அதன் பலன் 3டிக்கே அதிகம் கிடைக்கிறது.

அப்படியானால் நடுநிலை ஸ்காண்டியம் அணுவில் ஏன் 4எஸ்ஸில் இரண்டும் 3டியில் ஒன்றும் இருக்கின்றன? இந்த மூன்றையும் இழந்த அயனியில் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். முதல் எலக்ட்ரான் 3டிக்குப் போகிறது. 3டி சிறிய இடம். இரண்டாவதும் அங்கேயே போனால் இரண்டுக்கும் இடையே விலக்கம் மிகுதி. ஆகவே அது பரந்த 4எஸ்ஸுக்குப் போகிறது. மூன்றாவதும் அப்படியே. 4எஸ் ஆர்பிட்டால் மேலே இருந்தும், மொத்தக் கணக்கில் அங்கே போவதுதான் மலிவு. மேலே இருப்பதால் அயனியாகும்போது அதுவே முதலில் வெளியேறுகிறது. நிரம்புவதும் காலியாவதும் முரண்படவில்லை. இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

5. ஒன்று போனால் மீதியும் இடம் மாறும்

வெனேடியம் அணுவில் 3டியில் மூன்று, 4எஸ்ஸில் இரண்டு எலக்ட்ரான்கள். அதிலிருந்து ஒன்றை எடுத்தால் என்ன மிஞ்சும்? 3டியில் மூன்று, 4எஸ்ஸில் ஒன்று என்பீர்கள். அளந்து கண்டது வேறு. வெனேடியம் ஒற்றை அயனியில் 3டியில் நான்கு. 4எஸ்ஸில் ஒன்றுமே இல்லை. நிக்கலிலும் இதே கதை: அணுவில் 3டியில் எட்டு, 4எஸ்ஸில் இரண்டு, ஒன்றை இழந்த அயனியில் 3டியில் ஒன்பது. ஓர் எலக்ட்ரான் வெளியேறியதும் மற்றொன்று இடம் மாறி அமர்ந்துவிட்டது. அணுக்கருவின் பிடி இறுகியதும் 3டி மேலும் கீழிறங்க, மொத்த ஏற்பாடும் புதிதாக முடிவாகிறது.

குரோமியத்தையும் தாமிரத்தையும் "விதிவிலக்கு" என்று பட்டியலிட்டு, "பாதி நிரம்பியதும் முழுதும் நிரம்பியதும் நிலைத்தன்மை மிக்கவை" என்ற ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அந்த வரியில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரே திசைத் தற்சுழற்சி கொண்ட எலக்ட்ரான்கள் அதிகமாக இருப்பது ஆற்றலைக் குறைக்கிறது. ஆனால் அது மட்டுமே காரணம் என்றால், குரோமியத்தின் அதே தொகுதியில் உள்ள டங்ஸ்டன் ஏன் 5டியில் நான்கும் 6எஸ்ஸில் இரண்டுமாக நிற்கிறது? நயோபியம் ஏன் பாதியும் நிரம்பாத நான்கு 4டி எலக்ட்ரான்களுடன் 5எஸ்ஸில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறது? பல்லேடியம் ஏன் 5எஸ்ஸை அடியோடு காலி செய்கிறது? அம்புக்குறிப் படத்துக்கு ஒத்துவராத தனிமங்கள் இருபது அளவில் இருக்கின்றன. எஸ், டி இடைவெளி, விலக்கம், தற்சுழற்சி ஆதாயம் ஆகிய அனைத்தையும் கூட்டிக் கழித்தால் இவையும் மற்றவற்றைப் போலவே விளங்கும். அணுவின் பார்வையில் விதிவிலக்கு என்று எதுவும் கிடையாது.

6. எழுபத்திரண்டாவது தனிமம்

எலக்ட்ரான் அமைப்பு பற்றிய அறிவு எவ்வளவு பயன்தரும் என்பதற்கு ஹாஃப்னியத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 1913, 1914இல் ஹென்றி மோஸ்லி எக்ஸ் கதிர் நிறமாலைகளை அளந்து, அணு எண்ணே தனிமங்களின் உண்மையான வரிசை எண் என்று நிறுவினார். 1915இல் கலிப்போலிப் போரில் 27 வயதில் அவர் உயிரிழந்தார். ஆனால் எந்தெந்த எண்களுக்குத் தனிமம் இன்னும் கிடைக்கவில்லை என்பதைத் தேட வழி திறந்துவிட்டார். 72 அவற்றில் ஒன்று. பாரிஸின் ஜோர்ஜ் உர்பேன் அதை அருமண் தனிமங்களுக்குள் கண்டதாக 1911 முதலே உரிமை கோரிவந்தார்.

நீல்ஸ் போர் எலக்ட்ரான்களைக் கணக்கிட்டார். நான்காம் கூட்டில் அதிகபட்சம் 32 இருக்கலாம். 71ஆம் தனிமத்திலேயே அது நிரம்பி, அருமண் வரிசை முடிந்துவிடுகிறது. எனவே 72, சிர்கோனியத்தின் உறவாகத்தான் இருக்க வேண்டும். வெறும் கோட்பாட்டிலிருந்து மட்டும் அவர் இதை வருவிக்கவில்லை. வேதிப்பண்புகளும் நிறமாலைகளும் அவருக்கு வழிகாட்டின. அவருடைய கோபன்ஹேகன் நிறுவனத்திலேயே டிர்க் காஸ்டரும் ஜார்ஜ் டி ஹெவஸியும் சிர்கோனியக் கனிமங்களை எக்ஸ் கதிரில் சோதித்தார்கள். 72இன் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. 1922 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் ஆற்றிய நோபல் உரையின் முடிவில் போர் இதை அறிவித்தார். கோபன்ஹேகனின் இலத்தீன் பெயரால் அது ஹாஃப்னியம் ஆயிற்று.

இந்த உறவு நம் கடற்கரை வரை நீள்கிறது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் சிர்கான் கனிமம் உண்டு. சிர்கான் இருக்கும் இடமெல்லாம் ஹாஃப்னியமும் கலந்தே இருக்கும். சிர்கோனியத்தைவிட ஹாஃப்னியத்தில் 32 புரோட்டான்கள் கூடுதல். இருந்தும் இரண்டின் அணு ஆரமும் கிட்டத்தட்ட ஒன்றே. இடையில் வந்த 14 4எஃப் எலக்ட்ரான்கள் அணுக்கருவைச் சரியாக மறைப்பதில்லை. அதனால் வெளி எலக்ட்ரான்கள் உள்ளே இழுக்கப்பட்டு அணு சுருங்கிவிடுகிறது. வெளிக்கூட்டின் அமைப்பும் ஒன்று, அளவும் ஒன்று என்றால் வேதியியல் முறையில் பிரிப்பது மிகக் கடினம்.

ஆனால் பிரித்தே ஆக வேண்டும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் எரிபொருளை மூடும் குழாய்கள் சிர்கோனிய உலோகக்கலவையால் ஆனவை. சிர்கோனியம் நியூட்ரான்களைப் பெரும்பாலும் விழுங்காது; ஹாஃப்னியமோ அதைவிட 500 மடங்குக்கும் மேல் விழுங்கும். தூத்துக்குடி மாவட்டத்துப் பழையகாயலில் உள்ள சிர்கோனியத் தொழிற்கூடத்தில் இந்த இரட்டையரைப் பிரிக்கும் வேலை நடக்கிறது. எலக்ட்ரான்கள் இவற்றை ஒட்டவைக்கின்றன, அணுக்கருக்கள் வேறுபடுத்துகின்றன. அந்தத் தொழிற்கூடத்தின் தேவையே இந்த முரணிலிருந்து பிறந்தது.

7. ஒரே அமைப்பு, வேறு நிறம்

தாமிரம், வெள்ளி, தங்கம் மூன்றின் வெளி அமைப்பும் ஒன்றே: டியில் பத்து, எஸ்ஸில் ஒன்று. வெள்ளி வெண்மையாக இருக்க, தங்கம் ஏன் மஞ்சள்? அமைப்பை எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றால் இதற்கு விடை இல்லை.

தங்கத்தின் அணுக்கருவில் 79 புரோட்டான்கள். அதன் மிக உள் எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தில் பாதியைத் தாண்டுகிறது. அப்போது ஐன்ஸ்டைனின் சார்பியல் குறுக்கே வருகிறது. எஸ் எலக்ட்ரான்கள் மேலும் உள்ளே இழுக்கப்படுகின்றன, 6எஸ் கீழிறங்குகிறது, அணுக்கருவை அவை கூடுதலாக மறைப்பதால் 5டி சற்று மேலேறுகிறது. இடைவெளி குறுகி, தங்கம் நீல ஒளியை விழுங்கத் தொடங்குகிறது; எஞ்சிய மஞ்சளைத் திருப்பி அனுப்புகிறது. வெள்ளியில் அதே இடைவெளி பெரிது. அது விழுங்குவது கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை. எழுத்தில் ஒன்றாகத் தெரியும் அமைப்புகளைப் பிரித்துக் காட்டுவது அவற்றின் ஆற்றல் இடைவெளிகளே.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்

அம்புக்குறிப் படத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பெரும்பாலான நடுநிலை அணுக்களுக்கு அது சரியான விடையைத் தரும் நல்ல நினைவுக்குறிப்பு. ஆனால் நினைவுக்குறிப்பைக் காரணமாகக் கற்பிக்கக் கூடாது. முதல் நாள் வகுப்பில் சோடியத்தின் பதினோரு எண்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். கூடுகளை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். 4எஸ், 3டி பற்றிப் பேசும் நாளில் 2.67, 1.69, 3.17 என்ற மூன்று எண்களையும் சேர்த்து எழுதுங்கள். அதற்கு மேல் கணிதம் எதுவும் தேவையில்லை.

மாணவர்களுக்கு ஒன்று. எந்தத் தனிமத்தின் எலக்ட்ரான் அமைப்பை எழுதினாலும், "இதை எப்படி அறிந்தார்கள்?" என்ற கேள்வியைக் கூடவே கேளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு நிறமாலைக்கோடோ ஓர் அயனியாக்கும் ஆற்றலோ அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. அளவீட்டைத் தேடிப் போகும் மாணவருக்கு விதிவிலக்குகளின் பட்டியல் தேவைப்படாது. அவர் எந்த அணுவையும் அதன் சொந்தக் கணக்கைக்கொண்டே புரிந்துகொள்வார்.